குற்றக் கதையின் அறம்

பள்ளி நூலகத்தில் எந்நூலை வைக்கலாம், எந்நூலை வைக்கலாகாது என்னும் வினா தமிழாசிரியர் கூடுமிடமெல்லாம் எழுவது. திருக்குறளுக்கும் சிலப்பதிகாரத்திற்கும் எவரும் தடை சொல்வதில்லை. மு. வரதராசனாரின் நாவல்களுக்கும் தடையில்லை. கொலையும் களவும் துப்பறிதலும் நிறைந்த கதைகளிடம் வரும்போதுதான் நம் கை தயங்குகிறது. அக்கதை உரைநடையாக இருந்தால் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறோம்; படக்கதையாக இருந்தால் குப்பை என்றே தள்ளுகிறோம். இவ்விரு தீர்ப்புகளுக்கும் அடியில் ஓர் அறவினா மறைந்து கிடக்கிறது. குற்றத்தைக் கதையாக்குவது தகுமா? தகுமெனில், அதனை எழுத்தால் சொல்வதற்கும் கோட்டால் வரைந்து காட்டுவதற்கும் இடையே அறநெறியில் வேற்றுமை உண்டா?

நெகிரி செம்பிலானில் வாழும் நமக்கு இது வெறும் ஏட்டு வினா அன்று. ரந்தாவ், லிங்கி, லாபு, பகாவ் வட்டாரத் தோட்டங்களில் பால்மரத்தை நம்பி வாழ்ந்த நம் மக்களுள் பலர், ரப்பர் செம்பனைக்கும் செம்பனை வீடமைப்புத் திட்டங்களுக்கும் இடம்விட்டபோது, லயங்களை விட்டுச் சிரம்பானையும் நீலாயையும் சுற்றியுள்ள அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தனர். தோட்டத்தில் பிள்ளையைக் கோயிலும் பள்ளியும் ஆயாக் கொட்டகையும் சேர்ந்து வளர்த்தன. எந்த வீட்டுப் பிள்ளை எங்கே நிற்கிறான் என்பது லயம் முழுவதற்கும் தெரியும். அடுக்குமாடியின் படிக்கட்டில் நிற்கும் பிள்ளையை அறிந்தவர் எவருமிலர். 2013-ஆம் ஆண்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. அக்கும்பல்களில் நம் இளைஞர் மிகுதியாகச் சிக்கியிருப்பது நாடெங்கும் கவலையோடு பேசப்பட்டது. ஆகவே, “குற்றக் கதை படித்து என் மகன் கெட்டுவிடுவானோ?” என்று ஒரு தாய் கேட்கும்போது, இலக்கியக் கொள்கை பேசி நாம் நழுவ இயலாது. அவ்வினாவுக்கு நேரிய விடை கூற வேண்டும்.

பழந்தமிழ் காட்டும் வழி

குற்றத்தைப் பேசாத பேரிலக்கியம் தமிழில் இல்லை என்றே சொல்லலாம். சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம் ஒரு களவில் தொடங்கி, ஒரு பொய்க் குற்றச்சாட்டில் வளர்ந்து, ஒரு கொலையில் முற்றி, ஒரு வழக்காடலில் முடிகிறது. கண்ணகி காட்டும் சான்று இக்காலத் துப்பறிவாளனும் போற்றத்தக்கது. அரசியின் சிலம்பில் முத்து. தன் சிலம்பில் மாணிக்கம். உடைத்துக் காட்டினால் உண்மை விளங்கும். அதனினும் வியப்பு, கொலைக்களக் காதையில் பொற்கொல்லன் கள்வரின் கலையைக் காவலர்க்கு விரித்துரைக்கும் இடம். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டுத் துணைகளை அவன் அடுக்குகிறான். களவுத் தொழிலின் நுட்பத்தை இளங்கோவடிகள் மறைக்கவில்லை. ஆயினும் சிலப்பதிகாரம் படித்துக் கள்வனானான் ஒருவன் என்று யாரும் சொன்னதில்லை.

காரணம் என்ன? அக்காப்பியத்தில் ஓர் உயிர் போனால் அதற்கு முழு விலை கேட்கப்படுகிறது. கோவலன் வெட்டுண்டது ஒரு காதையோடு முடிந்துபோகும் நிகழ்ச்சி அன்று. மனைவி அழுகிறாள், அரசன் உயிர் துறக்கிறான், அரசி உடன் மாய்கிறாள், நகரம் எரிகிறது, அடைக்கலம் தந்த மாதரி தீயில் வீழ்கிறாள், புகாரில் மாசாத்துவான் துறவு பூணுகிறான். ஒரு கொலையின் அதிர்வு எத்தனை வீடுகளின் கதவைத் தட்டுகிறது என்பதே நூலாகிறது. குற்றத்தைச் சொல்வதால் ஒரு நூல் தாழ்வதில்லை. குற்றத்தின் விலையைச் சொல்லாமல் விடுவதால்தான் தாழ்கிறது என்னும் அளவுகோலை இங்கிருந்தே நாம் எடுத்துக்கொள்ளலாம்.

எழுத்தோடு படத்தைச் சேர்ப்பதும் தமிழர்க்குப் புதிதன்று. செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் பார்த்தோர் இதனை அறிவர். ஆநிரை கவர வந்தோரை எதிர்த்து வீழ்ந்த வீரனின் உருவம் வில்லும் வாளுமாகக் கல்லில் புடைத்து நிற்கும். அருகே வட்டெழுத்தில் அவன் பெயரும் ஊரும் வீழ்ந்த காரணமும் பொறிக்கப்பட்டிருக்கும். உருவம் வீரத்தைக் காட்டுகிறது. எழுத்து இழப்பைச் சொல்கிறது. ஒன்றை ஒன்று நிறைவு செய்கிறது. படம் எழுத்தறியாதவர்க்கு மட்டும் உரிய தாழ்ந்த கலை என்று அக்கல்லை நட்டவர்கள் கருதவில்லை.

தமிழில் துப்பறிந்தோர்

இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். ஆனந்த விகடனில் பணியாற்றிய தேவன் (1913–1957) துப்பறியும் சாம்புவைப் படைத்தார். சாம்பு அறிவாளி அல்லன். வங்கிக் குமாஸ்தாவாக இருந்து, தற்செயலாகக் குற்றங்களைக் கண்டுபிடித்துப் புகழ் பெறுபவன். உரைநடையில் பிறந்த அதே சாம்பு பின்னர் கோபுலுவின் தூரிகையில் சித்திரத் தொடராகவும் வலம் வந்தான். எழுத்திலிருந்து கோட்டுக்குப் போனதால் சாம்பு தாழ்ந்தானா? இல்லை. அவன் முகத்தில் தெரியும் அப்பாவித்தனம் கோட்டில் இன்னும் தெளிவாயிற்று. அதே தேவன் ‘ஜஸ்டிஸ் ஜகந்நாதன்’ என்னும் நாவலில் ஒரு கொலை வழக்கின் விசாரணையையே கதையாக்கினார். சாம்புவில் சிரிப்பு, ஜகந்நாதனில் பொறுப்பு. ஒருவனுடைய உயிர் ஜூரிகளின் தீர்ப்பில் ஊசலாடுவது எத்தகையது என்பதைச் சொல்ல அவருக்கு நீண்ட உரைநடை தேவைப்பட்டது.

கல்கண்டு இதழின் ஆசிரியர் தமிழ்வாணன் (மறைவு 1977) படைத்த சங்கர்லாலை நம் நாட்டு மூத்த வாசகர்க்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தமிழகத்திலிருந்து வந்த கல்கண்டின் பழைய பிரதிகள் தோட்டத்தில் ஒரு வீட்டில் தங்கியதில்லை. கிராணி வீட்டில் படித்து முடித்ததும் முதல் லயத்துக்கும், அங்கிருந்து கடைசி லயத்துக்கும் கைமாறி, அட்டை கிழிந்த பின்னரே ஓயும். ஆங்கிலச் சொல் கலவாமல் எழுதுவதைத் தமிழ்வாணன் ஒரு நோன்பாகக் கொண்டிருந்தார். பகலெல்லாம் பால்வெட்டி ஓய்ந்த தோட்டத்து இளைஞன், இரவில் மண்ணெண்ணெய் விளக்கடியில் தட்டுத் தடுமாறாமல் தமிழ் படிக்கப் பழகியதில் சங்கர்லாலுக்கும் ஒரு பங்குண்டு. இப்பங்கை இலக்கிய வரலாறு எழுதுவோர் மறந்தாலும், மொழி கற்பிக்கும் நாம் மறத்தல் நன்றன்று.

ஒரே ஆசிரியர், இரண்டு வடிவம்

எழுத்தும் கோடும் ஆகிய இரண்டிலும் ஒரே படைப்பாளி நெடுங்காலம் உழைத்தால், அவ்விரண்டின் இயல்பையும் ஒப்பிட்டுக் காண நமக்கு நல்ல வாய்ப்புக் கிட்டும். தேவனின் சாம்புவைக் கோட்டில் வார்த்தது இன்னொருவர் கை. உரைநடையையும் படக்கதையையும் தாமே எழுதிய ஒருவரைத் தேடினால், தமிழ்ச் சிறுவர்கள் பெயரறியாமலே அறிந்திருந்த ஓர் ஆங்கில எழுத்தாளர் முன்னே வருகிறார்.

சிவகாசியில் 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸ், இரும்புக்கை மாயாவியைத் தமிழ்ச் சிறுவர்க்கு வழங்கியது. அக்குடும்பத்திலிருந்தே 1984-இல் லயன் காமிக்ஸ் தோன்றியது. அதன் முதல் இதழின் நாயகி மாடஸ்டி பிளைஸ். அவளைப் படைத்தவர் பீட்டர் ஓடோனல் (1920–2010). படங்களை முதலில் வரைந்தவர் ஜிம் ஹோல்டவே. 1970-இல் அவர் மறைந்த பின் பெரும்பகுதி வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் என்ரிக் பதியா ரொமேரோ.

மாடஸ்டியின் தோற்றத்துக்கு ஓடோனல் கூறிய கதை நம் நெஞ்சைத் தொடுவது. 1942-இல் அவர் பிரிட்டிஷ் படை வீரராகப் பாரசீகத்தின் வடபகுதியில் இருந்தார். போரால் வீடிழந்து நடந்து வந்த அகதிகளிடையே ஒரு சிறுமியைக் கண்டார். உடன் யாருமில்லை. தோளில் ஒரு சிறு மூட்டை. கையில் தானே செய்துகொண்ட ஓர் ஆயுதம். வீரர்கள் தந்த உணவை உண்டாள். தலை நிமிர்ந்து தன் வழியே நடந்தாள். அப்பெண் வளர்ந்தால் என்ன ஆவாள் என்னும் எண்ணம் இருபதாண்டுகள் அவர் உள்ளத்தில் கிடந்தது. அந்த 1942-ஆம் ஆண்டில்தான் மலாயாவும் ஜப்பானியர் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு நம் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்கு ஆண்களை வாரிக்கொண்டு போனார்கள். தகப்பன் திரும்பி வராத வீடுகளில் தாமே தமக்குக் காவலாகி வளர்ந்த சிறுமிகள் இங்கும் இருந்தார்கள். அவர்களைக் கதையாக்க ஓர் ஓடோனல் வாய்க்கவில்லை என்பது வேறு செய்தி.

1963 மே 13-ஆம் நாள் லண்டன் ‘ஈவினிங் ஸ்டாண்டர்டு’ நாளிதழில் மாடஸ்டியின் படக்கதை தொடங்கியது. குற்றக் கூட்டமொன்றின் தலைவியாயிருந்து, அதனைக் கலைத்துவிட்டு, பின்னர் குற்றவாளிகளை எதிர்த்துப் போராடுபவள் அவள். துணை நிற்பவன் வில்லி கார்வின். அவர்களிடையே இருந்தது காதலன்று. உயிரையும் ஈயும் நட்பு. திரைப்படத்திற்காக ஓடோனல் எழுதிய கதை பிறரால் பெரிதும் மாற்றப்பட்டபோது, தம் கதையைத் தாம் எண்ணியவாறே சொல்ல அவர் உரைநடையை நாடினார். 1965-இல் முதல் நாவல் வெளியாயிற்று. தொடர்ந்து மொத்தம் 11 நாவல்களும் இரண்டு சிறுகதைத் தொகுதிகளும் வந்தன. மறுபுறம் நாளிதழ்ப் படக்கதையும் நிற்காமல் 38 ஆண்டுகள் நடந்தது. ‘மேட்லின் பிரென்ட்’ என்ற பெண்பெயரில் அவர் வேறு வகை நாவல்களும் எழுதினார்.

இரண்டு வடிவங்களின் வேலையும் வெவ்வேறு. நாளிதழ்ப் படக்கதைக்கு நாளொன்றுக்கு இரண்டு மூன்று கட்டங்களே இடம். முதற்கட்டம் நேற்று நடந்ததை நினைவூட்ட வேண்டும். அடுத்தது கதையை ஓரடி நகர்த்த வேண்டும். கடைசிக் கட்டம் நாளைக்கு வாசகனை அழைக்க வேண்டும். அங்கே சொல் சிக்கனம் கட்டாயம். கவலையைப் புருவத்தின் ஒரு வளைவு சொல்லிவிடும். உரைநடைக்கோ இடம் உண்டு. கை ஓங்கப்படும் முன் மனத்தில் ஓடும் அச்சத்தையும், கை இறங்கிய பின் எழும் குமட்டலையும் அது சொல்லலாம். மாடஸ்டியிடம் ஓர் இயல்பு உண்டு. ஆபத்தின் நடுவே கலங்காதவள், எல்லாம் முடிந்த பின் வில்லியின் தோளில் சாய்ந்து அழுவாள். வென்றவளும் அழுகிறாள் என்னும் அந்த ஒரு செய்தி, எத்தனையோ வீர சாகசக் கதைகளில் காணக் கிடைக்காதது.

குற்றம் சாட்டியவர்களும் சான்றும்

இங்கே படக்கதைக்கு எதிரான குற்றச்சாட்டை நேர்மையாக ஆராய வேண்டும். அமெரிக்காவில் 1954-இல் பிரெடரிக் வெர்த்தாம் என்னும் மனநல மருத்துவர், படக்கதைகளே சிறுவரைக் குற்றவாளிகள் ஆக்குகின்றன என்று ஒரு நூல் எழுதினார். அவ்வாண்டே செனட் துணைக்குழு விசாரணை நடத்தியது. பதிப்பாளர்கள் அஞ்சித் தமக்குத் தாமே தணிக்கை விதி வகுத்துக்கொண்டனர். பிரிட்டனில் 1955-இல் சிறுவர்க்குத் தீங்கான படக்கதைகளைத் தடுக்கச் சட்டமே வந்தது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து, 2012-இல், கரோல் டில்லி என்னும் ஆய்வாளர் வெர்த்தாமின் ஆவணங்களைத் திறந்து பார்த்தார். சிறுவர்கள் கூறியவற்றை வெர்த்தாம் பல இடங்களில் மாற்றியும், சேர்த்தும், தமக்கு ஒவ்வாதவற்றை விடுத்தும் எழுதியிருந்தது தெரிய வந்தது.

வெர்த்தாம் தீய நோக்குடையவர் அல்லர்; ஏழைச் சிறுவர்க்காக உழைத்தவர். எனினும் அவர் செய்தது பாண்டியன் செய்த தவறு. சிலம்பு கள்வன் கையில் உள்ளதா என்று ஆராயும் முன்னே தீர்ப்புச் சொன்னான் பாண்டியன். சான்றை நிறுத்துப் பார்க்கும் முன்னே தீர்ப்பெழுதினார் வெர்த்தாம். குற்றக் கதையின் மீது குற்றம் சாட்டும் நாமாவது குற்றக் கதை கற்பிக்கும் முதற்பாடத்தைக் கடைப்பிடிக்க வேண்டாமா? சான்றின்றித் தீர்ப்பில்லை என்பதன்றோ அப்பாடம்!

ஆயினும் எதிர்ப்புரை முழுவதும் பொய்யென்று தள்ளலும் தகாது. மாடஸ்டியின் கதை முதியோர் படிக்கும் நாளிதழில் வந்தது. அதன் படங்கள் யாவும் சிறுவர்க்கு ஏற்றவை அல்ல. இன்னும் கடினமான வினா ஒன்றுண்டு. அவள் குற்றத்தால் ஈட்டிய செல்வத்திலேயே வளமாக வாழ்கிறாள். எந்த நீதிமன்றமும் அவளைத் தண்டிக்கவில்லை. இதனை நம் மாணவனுக்கு எப்படி விளக்குவது? வழிப்பறி செய்து திருப்பணி செய்தவராகத் திருமங்கையாழ்வாரின் வரலாறு சொல்லப்படுகிறது. அதனை நாம் பாடத்தில் சொல்கிறோம்; ஆனால் மனமாற்றத்தை வைத்துச் சொல்கிறோம். மாடஸ்டியின் கதையில் மனமாற்றம் உண்டு. கழுவாய் முழுமையாக இல்லை. இதனை ஒரு குறையென ஒப்புக்கொள்வதே நேர்மை. குறையுள்ள நூலை மறைப்பதினும், குறையைச் சுட்டிப் பேசுவது ஆசிரியர்க்கு அழகு.

இரண்டு முடிவுகள்

இனி இக்கட்டுரையின் நடுப்பொருளுக்கு வருகிறேன். 1996-இல் வெளிவந்த ‘கோப்ரா டிராப்’ என்னும் தொகுதியின் இறுதிக் கதையில் ஓடோனல் காலத்தை ஓட விட்டார். மாடஸ்டிக்கு வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. தீராத நோயும் உள்ளே இருக்கிறது. பிறர் தப்பிச் செல்ல வேண்டும் என்பதற்காக அவளும் வில்லியும் எதிரிகளைத் தடுத்து நின்று உயிர் துறக்கிறார்கள். உரைநடையில் அவர்களின் கதை அங்கே முடிந்தது. ஆனால் நாளிதழில் படக்கதை மேலும் ஐந்தாண்டுகள் தொடர்ந்தது. 2001 ஏப்ரல் 11, தம் 81-ஆம் பிறந்தநாளில், அதனையும் ஓடோனல் நிறைவு செய்தார். அங்கே இருவரும் சாகவில்லை. பகையும் இரத்தமும் இல்லாத ஓய்வை நாடி நடந்து செல்கிறார்கள்.

ஒரே ஆசிரியர், ஒரே மாந்தர், இரண்டு முடிவுகள். எது உண்மை? ஒன்று உண்மையெனில் மற்றது ஏமாற்றா? சிலர் நாவலே உண்மை, படக்கதை வாசகரை மகிழ்விக்கச் செய்த இணக்கம் என்பர். நான் அவ்வாறு கருதவில்லை. நாள்தோறும் காலையில் தாளைத் திறந்து மூன்று கட்டம் பார்க்கும் வாசகனோடு 38 ஆண்டுகள் பழகியவர், விடைபெறும் நாளில் அவன் கையில் ஒரு பிணத்தைக் கொடுக்கவில்லை. அது ஒரு கடமை. உரைநடையில் அமர்ந்து நெடிது படிக்கும் வாசகனிடமோ, இத்தனை ஆண்டு வன்முறைக்கு நடுவே வாழ்ந்தோர்க்கு விலையின்றி முடிவில்லை என்னும் மெய்யை அவர் மறைக்கவில்லை. அதுவும் ஒரு கடமை. வீரம் சாவதில்லை என்பது முதல் உண்மை; எச்செயலும் விலையின்றிப் போவதில்லை என்பது இரண்டாம் உண்மை. முன்னதை மட்டும் அறிந்த பிள்ளை குருட்டுத் துணிவு கொள்வான். பின்னதை மட்டும் அறிந்தவன் அஞ்சி ஒடுங்குவான்.

இதனால் படம் என்றால் விலை சொல்லாது, எழுத்து என்றால்தான் சொல்லும் என்று முடிவு கட்டிவிடலாகாது. நாளிதழ்த் தொடரில் மாந்தர் முதுமை எய்தாதது அத்தொடரின் மரபு, கோட்டின் குறையன்று. நம் நாட்டு லாட் 1979-இல் வரைந்த ‘கம்போங் போய்’ நூலில் சிறுவன் வளர்கிறான். பிறந்த கம்பத்தைப் பிரியும் வலியையும் அறிகிறான். ஆர்ட் ஸ்பீகல்மன் தம் தந்தை நாஜி முகாமிலிருந்து உயிர் மீண்ட வரலாற்றைப் படக்கதையாகவே வரைந்தார். 1992-இல் அதற்குப் புலிட்சர் சிறப்புப் பரிசு கிட்டியது. அந்நூற்றாண்டின் மாபெருங் குற்றத்தின் விலையைக் கோடும் சுமக்க வல்லது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. விலையின்றிக் கொலைகளை அடுக்கும் உரைநடை நாவல்கள் எத்தனை என்பதோ நாம் அறிந்ததே. ஆகவே கலத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லற்க. கலத்தில் உள்ளதைப் பார்க்க.

வகுப்பறையில் ஓர் அளவுகோல்

இவ்வளவுகோலை மாணவர் கையில் தர இயலுமா? இயலும் என்பது என் பட்டறிவு. ஆறாம் ஆண்டு மாணவர்க்கு ஒரு சிறு துப்பறியும் கதையைப் படிக்கக் கொடுத்து, கதை முடிந்ததும் மூன்று வினாக்களைக் கேட்டு வருகிறேன். இறந்தவருக்காக அழுதவர் யார்? குற்றம் செய்தவன் இழந்தது என்ன? கண்டுபிடித்தவன் உறங்கினானா? குற்றவாளி யார் என்பதைப் பிள்ளைகள் ஒரு நொடியில் சொல்லிவிடுவார்கள். இம்மூன்றுக்கும் விடை தேடும்போதுதான் வகுப்பு அமைதியாகும். ஒருமுறை, பின்வரிசையில் அமர்ந்து அதிகம் பேசாத மாணவன் ஒருவன் எழுந்தான். “யாரும் அழவில்லை ஐயா. அதற்குள் அடுத்த பக்கம் வந்துவிட்டது” என்றான். ஒரு மலிவான கதையின் மீது அதனினும் கூரிய திறனாய்வை நான் கேட்டதில்லை.

அவ்விடையின் அருமை நம் சூழலில் இன்னும் தெளிவாக விளங்கும். கும்பலில் சேர அழைப்பவன் பிள்ளையிடம் ஒரு கதையைத்தான் சொல்கிறான். அதில் அஞ்சாமை உண்டு, நட்பு உண்டு, பணம் உண்டு, சங்கிலியும் மோட்டார் வண்டியும் உண்டு. இல்லாதது ஒன்றே: விலை. மருத்துவமனை வராந்தாவில் நிற்கும் தாயும், சிறைச்சாலை வாயிலில் வரிசையில் நிற்கும் தமக்கையும் அக்கதையில் வருவதில்லை. அடுத்த பக்கத்தை விரைந்து புரட்டிவிடுகிறான் கதை சொல்பவன். “அழுதவர் யார்?” என்று கேட்கப் பழகிய பிள்ளை, அந்தக் கதையையும் நிறுத்தி அவ்வினாவைக் கேட்பான். எல்லாப் பிள்ளைகளும் கேட்பார்கள் என்று நான் கூற வரவில்லை. ஒரு நூலகப் பேழை ஒரு சமூகத்தின் வறுமையை மாற்றிவிடாது. ஆயினும் கேட்கத் தெரிந்த ஒருவனேனும் நம் வகுப்பிலிருந்து போவானாயின் அது சிறிதன்று.

குற்றக் கதைகளை அறவே விலக்கிய பள்ளியில் இவ்வினாவைக் கேட்கப் பயிற்சி தர இயலாது. தீயைப் பார்க்காத பிள்ளைக்குச் சுடும் என்று எப்படிக் கற்பிப்பது? அதே வேளை, கிடைத்ததையெல்லாம் அடுக்கிவைத்து, பிள்ளைகள் படித்தால் போதும் என்று விலகிக்கொள்வதும் கடமை தவறுதலே. ஆசிரியர் முதலில் தாமே படித்துப் பார்க்க வேண்டும். அட்டைப்படம் கண்டு அஞ்சாமல் உள்ளே புக வேண்டும். வயதுக்கு ஏலாத படங்களை விலக்க வேண்டும். சாம்புவின் சிரிப்பையும், சங்கர்லாலின் தூய தமிழையும், மாயாவியின் விந்தையையும் கீழ்வகுப்புக்குத் தரலாம். விலை சொல்லும் கதைகளை மேல்வகுப்புக்கு வைக்கலாம். இறுதியில் அவர்களைக் கொலைக்களக் காதையின் வாயிலுக்குக் கொண்டுபோய் நிறுத்தலாம். துப்பறியும் கதை படித்துப் பழகிய மாணவனுக்குச் சிலம்பை உடைக்கும் கண்ணகியின் கை ஏன் நடுங்கவில்லை என்பது எளிதில் விளங்கும்.

நெகிரி செம்பிலானில் ஏறத்தாழ அறுபது தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பல பள்ளிகளின் பெயர்ப்பலகையில் தோட்டத்தின் பெயர் இருக்கிறது. அருகே தோட்டம் இல்லை. மரம் போனாலும் பள்ளி நிற்பது, அங்கே ஒரு மொழி படிக்கப்படுகிறது என்பதனால்தான். படிக்கும் பழக்கம் முதலில் எவ்வழி வந்தது என்று கேட்டால், நம்முள் பலர் வெட்கப்பட்டுக்கொண்டே ஒரு துப்பறியும் கதையையோ படக்கதையையோ சொல்வோம். வெட்கப்பட ஏதுமில்லை. அக்கதை நமக்கு வாசலைத் திறந்தது. வாசலிலேயே நின்றுவிடாமல் உள்ளே வரச் செய்தது நம் ஆசிரியர்களின் கடன். இன்று அக்கடன் நம்முடையது. எழுத்தானாலும் கோடானாலும், ஓர் உயிருக்கு உரிய விலையைக் கேட்கும் நெஞ்சை நம் பிள்ளைகளிடம் வளர்ப்போமாக.